அக்காவின் இழுவை வீடும் பெரியப்பாவின் 'பின்பாரம்' பாடமும்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. அப்போதுதான் முதல் காபி. போன் அடித்தது. அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகள். டெட்ராய்ட் பக்கம் பத்து வருஷமாக இருக்கிறாள். அங்கே சனிக்கிழமை ராத்திரி.

"டேய், ஒரு வீடு வாங்கியிருக்கோம்டா!"

"ஏற்கெனவே ஒரு வீடு இருக்கேக்கா?"

"இது சக்கரம் வெச்ச வீடு!"

கேமராவைத் திருப்பினாள். வாசலில் வெள்ளையாக, நீளமாக, நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸில் பாதி அளவுக்கு ஒரு பெட்டி நின்றது. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஏசி, பாத்ரூம் எல்லாம் இருக்கிறது. இன்ஜின் மட்டும் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதற்குப் பெயர்தான் டிராவல் டிரெய்லர். அமெரிக்காவில் இந்த வண்டிகள் தயாராவதற்குப் பேர்போன ஊர், இண்டியானா மாநிலத்தில் இருக்கும் எல்க்ஹார்ட். நம்ம ஊரில் பின்னலாடைக்குத் திருப்பூர் மாதிரி அங்கே டிரெய்லருக்கு எல்க்ஹார்ட்.

அக்கா வாங்கியது 22 அடி நீளம், எட்டு வருஷப் பழசு. ரிட்டயர் ஆன ஒரு தம்பதியிடமிருந்து 11,000 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். திருமங்கலத்தில் இருக்கும் பெரியம்மா விஷயம் கேட்டதும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வீட்டுக்குள்ள இருக்கறதை விட்டுட்டு வீட்டையே இழுத்துக்கிட்டுப் போறாளாக்கும்!"

இந்த வாரம் அந்த வீட்டின் கதைதான். டிரெய்லர் வாங்கும் யோசனையே உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய கார், பழைய வீடு, செகண்ட் ஹேண்ட் பைக் என்று ஏதாவது ஒன்றை வாங்கி, சந்தோஷத்தில் முதல் வாரமே அலங்காரத்தில் இறங்கிய அனுபவம் நம் எல்லோருக்குமே இருக்கும்தானே?

முதல் மாசம் முழுக்க அலங்காரம்!

வாங்கிய முதல் நாலு வாரமும் அக்காவின் ஸ்டேட்டஸ் முழுக்க டிரெய்லர்தான். சுவரில் பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டினாள். மெத்தையை மாற்றினாள். சின்னச் சின்ன விளக்குச் சரம் தொங்கவிட்டாள். அத்தான் கம்ப்யூட்டர்காரர். யூடியூப் பார்த்து, டிரெய்லரின் பின்பக்கம் நாலு சைக்கிள் மாட்டும் ஸ்டாண்ட் ஒன்றைப் பொருத்தினார். பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு அலமாரியும் அடித்தார். அதில் இரண்டு மூட்டை அரிசி, பருப்பு டப்பாக்கள், குக்கர்... அப்புறம் அக்கா விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற வெட் கிரைண்டர்!

"காட்டுக்குள்ள போயி தோசை சுடணும்டா. அதுதான் என் கனவு" என்றாள்.

மே மாசக் கடைசியில் அங்கே மெமோரியல் டே விடுமுறை வரும். மூன்று நாள் லீவு. மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பூங்காவில் முகாம் போட இடம் புக் செய்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே முழுசாக நிரப்பிக்கொண்டார்கள். 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர். எடையும் 150 கிலோ. அந்தத் தொட்டி இருந்ததும் டிரெய்லரின் பின்பாதியில்.

"கார் என் பேச்சைக் கேக்கல தம்பி!"

அத்தான் அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும் அவரே போன் செய்தார்.

"ஹைவேல 70 மைல் வேகம் தம்பி. லேசான இறக்கம். பக்கத்துல ஒரு பெரிய லாரி கடந்து போச்சு. அவ்வளவுதான். பின்னால டிரெய்லர் இடதும் வலதுமா ஆட ஆரம்பிச்சிருச்சு. முதல்ல மெதுவா, அப்புறம் காரோட பின்பக்கத்தையே சேர்த்து இழுத்துது. கார் என் பேச்சைக் கேக்கல. பின் சீட்ல புள்ளைங்க ரெண்டும் தூங்கிட்டு இருந்தாங்க."

70 மைல் என்றால் மணிக்கு 112 கிலோமீட்டர். அவர் அப்போது செய்தது, நாம் எல்லோருமே செய்யக்கூடியது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஆட்டம் இன்னும் கூடியது. பயத்தில் கால் தானாக எல்லாவற்றையும் விட்டுவிட்டது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் இரண்டு பேரும் பேசவே இல்லையாம்.

இந்த ஆட்டத்தை அங்கே 'ஸ்வே' என்கிறார்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கார் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். இதற்கென்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் 'பிரேக் கன்ட்ரோலர்' என்ற சின்னக் கருவி இருக்கும். டிரெய்லரைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும்போது ரயில் பெட்டிகள் மாதிரி இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். அத்தான் காரிலும் அது இருந்தது. அது எதற்கு என்று அவருக்கு அதுவரை தெரியாது.

டயரில் இருந்த நாலு நம்பர்

வீடு திரும்பியதும் அத்தான் முதலில் சந்தேகப்பட்டது டயரை. மேலோட்டமாகப் பார்த்தால் புத்தம் புதுசு. தேய்மானமே இல்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருஷம். உதாரணமாக 2316 என்றிருந்தால் 2016-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். நம்ம ஊர் கார், பைக் டயரிலும் இதைப் பார்க்கலாம். இப்போதே வாசலுக்குப் போய்ப் பாருங்களேன்!

டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட, வெயிலில் சும்மா நின்றே ரப்பர் கெட்டுப்போவதுதான் அதிகம். ஐந்தாறு வருஷம் ஆனாலே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பார்கள். அக்காவின் டிரெய்லரில் இருந்தது, அது வாங்கப்பட்டபோது வந்த அதே எட்டு வருஷ டயர். நாலையும் மாற்றினார்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் முதல் 50, 100 மைலுக்குள் போல்ட் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள்.

டயர் மாற்றியது நல்லதுதான். ஆனால் அடுத்த வாரம் ஓட்டிப் பார்த்தபோது 60 மைலைத் தாண்டியதும் மறுபடி அதே ஆட்டம்.

"வித்துடலாம்டா. பயமா இருக்கு" என்றாள் அக்கா. அத்தான் எதுவும் சொல்லவில்லை.

பெரியப்பா கேட்ட ஒரே கேள்வி

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திருமங்கலத்தில் இருந்தேன். வீடியோ காலில் பேச்சு டிரெய்லர் பக்கம் போனது. திண்ணையில் படுத்திருந்த பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். வயசு எழுபத்தெட்டு. டிராக்டர் வரும்வரை மாட்டுவண்டியில் பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் போனவர்.

"மாப்பிள்ளை, அந்த வண்டிய கொஞ்சம் பக்கவாட்டுல காட்டுங்க."

அத்தான் காட்டினார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டம், நடுவில் சக்கரம், பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட்.

"பாரத்தை எங்க வெச்சிருக்கீங்க?"

"பின்னாலதான் மாமா. அலமாரி, தண்ணித் தொட்டி, சைக்கிள்..."

"அப்ப பின்பாரம். ஆடாம என்ன செய்யும்?"

பெரியப்பா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மாட்டுவண்டியில் பாரம் முழுக்க அச்சுக்குப் பின்னால் போனால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். வண்டி நிலையில்லாமல் அலையும். பாரம் முழுக்க முன்னால் வந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் இறங்கிப் புண்ணாக்கிவிடும். அதனால் மூட்டை அடுக்கும்போதே அளவாகக் கொஞ்சம் முன்பாரம் வைக்க வேண்டும். நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே 'சரியா இருக்கு' என்று சொல்லிவிடுவார்களாம்.

அத்தான் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மாமா, இதைத்தான் இங்க 'டங் வெயிட்'னு புஸ்தகத்துல போட்டிருக்கான். நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கல" என்றார்.

எடை மேடையில் தெரிந்த உண்மை

மறுநாளே அத்தான் லாரிகள் எடைபோடும் இடத்துக்குப் போனார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடை மேடை இருக்கும். சில டாலர் கொடுத்தால் யாரும் எடை போடலாம். டிரெய்லரை மாட்டியபடி காரின் சக்கரங்கள் தாங்கும் எடை எவ்வளவு என்று ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காரின் கொக்கி மேல் டிரெய்லர் இறக்கும் பாரம். அதாவது பெரியப்பாவின் 'முன்பாரம்'.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அக்காவின் டிரெய்லர் சாமான்களோடு 5,200 பவுண்டு. கிட்டத்தட்ட 2,360 கிலோ. கொக்கியில் குறைந்தது 520 பவுண்டாவது இருக்க வேண்டும். இருந்தது 360 பவுண்டுதான். ஏழு சதவிகிதம்!

டிரெய்லர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அது ஆடவே இல்லை. ஆட வைத்தது இவர்கள் ஆசை ஆசையாகச் செய்த அலமாரியும் சைக்கிள் ஸ்டாண்டும் நிரப்பிய தண்ணீரும்தான்.

சரி செய்ய ஒரு டாலர்கூடச் செலவாகவில்லை. சைக்கிள்கள் கார் கூரைக்குப் போயின. தண்ணீரை முகாம் போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்வதென்று முடிவானது. பின் அலமாரியைக் கழற்றிவிட்டு, கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும் தரையோடு வைத்தார்கள். மறுபடி எடை போட்டபோது கொக்கியில் 600 பவுண்டு. ஆட்டம் நின்றுவிட்டது.

இதற்கப்புறம்தான் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிகள் கொண்ட, எடையைக் காரின் முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் கொக்கியை வாங்கிப் பொருத்தினார்கள். "முதல்லயே இதை வாங்கி மாட்டியிருந்தா ஆட்டம் மறைஞ்சிருக்கும், தப்பு அப்படியே இருந்திருக்கும்" என்றார் அத்தான்.

வால்பேப்பருக்குப் பின்னால்...

அந்த எடை மேடைக்குப் பிறகு அத்தான் டிரெய்லரை மேலிருந்து கீழ்வரை முதல் தடவையாக நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

முதலில் தண்ணீர்க் கசிவு. அக்கா வால்பேப்பர் ஒட்டியிருந்த ஒரு மூலையைக் கையால் அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. டிரெய்லர் கூரையில் ரப்பர் விரிப்பு இருக்கும். காற்றுப்போக்கி, குழாய் வெளியே வரும் ஓட்டைகளைச் சுற்றிப் பசை பூசியிருப்பார்கள். அது வெயிலில் வெடித்தால் மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் சத்தமில்லாமல் இற்றுப்போகும். வால்பேப்பரைக் கிழித்து, இற்ற மரத்தை மாற்றி, கூரையில் புதுப் பசை பூச மூன்று வாரம் ஆனது. "அழகா இருக்குன்னு போட்டோ போட்டேனே, அந்தச் சுவர்தான்டா!" என்று அக்கா சிரித்தாள்.

அடுத்து காஸ். டிரெய்லரின் அடுப்பு, ஹீட்டர் எல்லாமே புரொப்பேன் காஸில் ஓடும். அது காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தங்கும். அதனால் கசிவு அலாரத்தைத் தரையை ஒட்டி வைத்திருப்பார்கள். கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கும் அலாரம் உண்டு. அதற்கு வாசனையே கிடையாது என்பதால் அலாரம் மட்டுமே காப்பாற்றும். இந்தக் கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் தேதி இருக்கும். அக்காவுடைய இரண்டுமே காலாவதி ஆகியிருந்தன. அதை வைத்துக்கொண்டுதான் குழந்தைகளோடு உள்ளே தூங்கியிருக்கிறார்கள். புதுசு மாட்டிவிட்டு, காஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். நம்ம அம்மாக்கள் செய்யும் அதே வைத்தியம்!

ரிப்பேர் இல்லை, இயல்பே அப்படித்தான்!

பழுது என்று நினைத்துப் பயந்த சில விஷயங்கள் பழுதே இல்லை.

முதல் பயணத்தில் ஃப்ரிட்ஜ் குளிராமல் தோசை மாவு பொங்கி வழிந்தது. அந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர்விக்கும் வகை. குளிர ஆறு, எட்டு மணி நேரம் ஆகும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே போட்டுவிட வேண்டும். வண்டி சாய்வாக நின்றாலும் சரியாக வேலை செய்யாது. அதனால் நிறுத்தியதும் மட்டம் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் கரன்ட் போனது. அவர்கள் டிரெய்லருக்கு வரும் மின்சாரம் 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். ஏசி, மைக்ரோவேவ், கெட்டில் மூன்றும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். பிரேக்கர் விழுவது அதன் கடமை. ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் போடாதே என்று அக்கா ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள்.

அப்புறம் டாய்லெட் தொட்டி. முகாமில் கழிவுக் குழாயை மாட்டியதும் 'எப்பவும் திறந்தே இருக்கட்டும்' என்று வால்வைத் திறந்துவைத்தார்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது உள்ளேயே காய்ந்து கோபுரமாகிவிடும். மூடி வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்!

இனி வாங்குபவர்களுக்கு அக்காவின் பட்டியல்

அக்காவிடம், "முதல் மாசத்தை மறுபடி வாழச் சொன்னா என்ன செய்வே?" என்று கேட்டேன். அவள் சொன்ன வரிசை இது.

1. மழை. கூரையில் ஏறிப் பார்ப்பேன். உள்ளே எல்லாச் சுவரையும் மூலையையும் அழுத்திப் பார்ப்பேன்.

2. காஸ். இரண்டு அலாரத்தின் தேதி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர்.

3. சக்கரம். டயரின் நாலு இலக்கம், காற்று, பேரிங் கிரீஸ், பிரேக். கொக்கி கழன்றால் டிரெய்லர் தானாகவே பிரேக் போட ஒரு சுவிட்ச் உண்டு. அது டிரெய்லர் பேட்டரியில்தான் வேலை செய்யும். பேட்டரி செத்திருந்தால் அதுவும் செத்தது.

4. பாரம். சாமான் முழுக்க ஏற்றிய பிறகு எடை மேடை.

5. வாசலிலேயே ஒரு ராத்திரி. முதல் தடவை வீட்டு வாசலிலேயே உள்ளே சமைத்து, குளித்து, தூங்கிப் பார்ப்பேன். என்ன கெட்டாலும் பத்தடியில் வீடு.

வால்பேப்பர் ஆறாவது.

இப்போது அத்தான் லித்தியம் பேட்டரிக்கு மாறும் யோசனையில் இருக்கிறார். இந்த முறை அவசரப்படவில்லை. பழைய சார்ஜர் அதற்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். உறைநிலைக்குக் கீழே அந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. மிச்சிகன் குளிருக்கு அது முக்கியம். குழாய்களில் தண்ணீர் நின்றால் அதே குளிரில் உறைந்து வெடித்துவிடும். அதனால் பனிக்காலத்துக்கு முன்னால் எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட்டு, டிரெய்லருக்கென்றே விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் ஓடவிட வேண்டும். காருக்கு ஊற்றும் கூலன்ட் விஷம். அதை ஊற்றவே கூடாது.

பாலத்தின் மேலே...

ஆகஸ்டில் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை வடக்கே, மேக்கினா பாலம் வழியாக. மிச்சிகன் மாநிலத்தின் இரண்டு துண்டுகளை இணைக்கும் அந்தப் பாலம் 1957-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 8 கிலோமீட்டர். கீழே கடல் மாதிரி ஏரி. காற்று பலமாக அடித்தால் டிரெய்லர் இழுத்து வரும் வண்டிகளை 20 மைல் வேகத்தில்தான் போகச் சொல்வார்கள். சில நேரம் துணைக்கு வண்டியும் அனுப்புவார்கள்.

அன்றைக்குக் காற்று அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் அத்தான் மெதுவாகத்தான் ஏறினார். அக்கா வீடியோ காலில் எங்களையும் கூட்டிப்போனாள். திருமங்கலத்தில் பெரியம்மா, பெரியப்பா. சென்னையில் ஆபீஸ் கேன்டீனில் நான். பக்கத்தில் ஒரு லாரி கடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பின்கண்ணாடியில் தெரிந்த வெள்ளைப் பெட்டி அசையவில்லை.

பாலம் முடிந்ததும் பெரியப்பாதான் முதலில் பேசினார்.

"மாப்பிள்ளை, முன்பாரம் எவ்வளவு?"

"600 பவுண்டு மாமா!"

"கிலோவுல சொல்லுங்க."

"272 மாமா."

"ம். அளவுதான்" என்றுவிட்டுப் பெரியப்பா மறுபடி திண்ணையில் சாய்ந்தார்.

கிரைண்டர் என்ன ஆச்சு என்றுதானே கேட்கிறீர்கள்? சக்கரத்துக்கு நேர் மேலே, பெல்ட் போட்டுக் கட்டி, பத்திரமாக இருக்கிறது. அன்று ராத்திரி ஏரிக்கரையில் அக்கா சுட்ட தோசையின் போட்டோ குடும்ப குரூப்பில் வந்தது. ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை!